போய்த் திரும்ப வேண்டிய பொடி

அன்புள்ள பெரியவளுக்கு,

உன் அப்பா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. இந்த வீட்டில் இரண்டு பேர் முழு நலம், ஒருவர் முக்கால் நலம், அந்த முக்காலைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அங்கே நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, அடுத்தவர்களின் லிஃப்டையெல்லாம் பழுது பார்த்துக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. பூண்டு சீவும்போது கட்டைவிரலையும் கொஞ்சம் சேர்த்துச் சீவிவிட்டேன், பேனா பிடிக்க முடியவில்லை. சொல்வதை மட்டும் எழுது, சொந்தச் சரக்கைச் சேர்க்காதே என்று இந்த வாலிடம் கறாராகச் சொல்லியிருக்கிறேன். (அக்கா, அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் என் சொந்தச் சரக்கு. விரலில் இருப்பது ஒரு கீறல். கட்டு மட்டும் தலையணை அளவு.)

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், பதறாதே. உன் அம்மா இப்போது பஸ் ஓட்டவில்லை. ஆபீஸ்ல உக்கார வெச்சிருக்காங்க, ஜாலியா இருக்கு என்று போனில் உன்னிடம் சொன்னாளே, அதில் உட்கார வைத்தது வரைக்கும் உண்மை. போன மாதம் டிப்போவில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும்போது தலை சுற்றிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். டிப்போ டாக்டரம்மா கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தால் ரத்த அழுத்தம் உன் லிஃப்ட் மாதிரி உச்சிக்குப் போய் நிற்கிறது, இறங்கும் பொத்தான்தான் வேலை செய்யவில்லை. மாத்திரை கொடுத்து, உப்பைப் பாதிக்கு மேல் குறைக்கச் சொல்லி, அழுத்தம் இறங்கும்வரை ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மறுபரிசோதனை இன்னும் இரண்டு மாதத்தில். அப்போதும் இறங்கவில்லை என்றால் நிரந்தரமாக மேஜைதான். அது என்ன மேஜை தெரியுமா, பயணிகள் பஸ்ஸில் மறந்துவிட்டுப் போன சாமான்களைப் பாதுகாக்கும் மேஜை. ஒரு பஸ் நிறைய ஜனங்களைக் காபி டம்ளர் தளும்பாமல் கொண்டுபோய் இறக்கியவள் இன்றைக்கு அநாதைக் குடைகளுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் காவல். வீட்டுக்கு வந்தாலும் கால் அடங்கவில்லை, சோபாவில் உட்கார்ந்துகொண்டு தரையை அழுத்துகிறாள். (நேற்று டிவி நாடகத்தில் கதாநாயகன் ரோட்டின் குறுக்கே ஓடினான். அம்மா போட்ட பிரேக்கில் டீப்பாய் ஒரு முழம் நகர்ந்துவிட்டது. கதாநாயகன் பிழைத்துக்கொண்டான்.)

எதிலிருந்து இவ்வளவு உப்பு உள்ளே போகிறது என்று டாக்டரம்மா துருவித் துருவிக் கேட்டார். நானும் சமையலறையில் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்தேன். கடைசியில் பிடிபட்டது நீதான். அம்மாவின் பிறந்தநாளுக்கு நீ அனுப்பினாயே, எதில் வேண்டுமானாலும் தூவலாம் என்று வெளியே எழுதியிருந்த அந்த மசாலாப் பொடி, மூன்று பாட்டில். உன் அம்மா அந்த வாசகத்துக்கு அப்படியே கட்டுப்பட்டு நடந்தாள். முட்டையில் தூவினாள், சூப்பில் தூவினாள், அவித்த உருளைக்கிழங்கில், வெள்ளரிக்காயில், ஒருநாள் ஆப்பிளில். பாட்டிலின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் போட்டிருந்ததைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன், முதல் சாமானே உப்பு, மற்றவர்கள் எல்லாம் அதன் வீட்டுக்கு வந்த விருந்தாளிகள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள், டாக்டரம்மா உன்னை அடிக்கடி நினைத்துக்கொள்கிறார். உடனே மூக்கைச் சிந்தாதே மகளே, உன் மேல் ஒரு தப்பும் இல்லை. அனுப்பியது நீ, கவிழ்த்துக் கொட்டியது அவள்.

அந்தப் பொடியை விட்டுவிடு என்று சொல்லிப் பார்த்தேன். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று என் மேல் பழமொழியை எறிந்தாள். சரி, அதே பொடியை உப்பில்லாமல் நானே செய்துவிடுவோம், இத்தனை வருடமாகப் பெயிண்ட் கடையில் கலர் கலந்து கொடுக்கும் ஆளுக்கு ஒரு பொடி கலக்கத் தெரியாதா என்று இறங்கினேன். உன் பொடியில் ஒரு ஸ்பூன் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், வெள்ளை டைல் ஓட்டின் மேல் பரப்பி, டியூப் லைட் வெளிச்சத்தில் ஒரு தடவை, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்து, மஞ்சள், மிளகாய், மிளகு, காய்ந்த இலை என்று துளித்துளியாகச் சேர்த்து அதே நிறத்துக்குக் கொண்டுவந்தேன். எது யாருடையது என்று முதலாளியாலேயே சொல்ல முடியவில்லை. மார்பை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்து கொடுத்தால், உன் அம்மா நாக்கில் வைத்துவிட்டு, சுவத்துக்கு ரெண்டு கோட்டிங் அடிச்சா எடுப்பா இருக்கும் என்றாள். நிறத்தைப் பொருத்திய மும்முரத்தில் நான் அதை வாயிலேயே வைத்துப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. (எனக்கு அரை மணி நேரம் முன்பே உறைத்துவிட்டது. முதலில் நக்கிப் பார்த்தவள் நான். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர்.) அடுத்த தடவை ருசி ஓரளவு வந்தது. நன்றாகக் கலக்கட்டுமே என்று டப்பாவைக் கடையில் பெயிண்ட் குலுக்கும் மெஷினில் மாட்டினேன். பெயிண்ட் டப்பாவின் மூடி சுத்தியலால் அடித்து மூடுவது, மசாலா டப்பாவின் மூடி சும்மா மரியாதைக்கு மூடுவது, அது எனக்குத் தோன்றவில்லை. கடை முழுக்கத் தும்மல். வெள்ளை பெயிண்ட் வாங்க வந்த மேஸ்திரி செங்கல் நிறத்தில் வீடு திரும்பினார். முதலாளி இன்னமும் என்னிடம் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பேசுகிறார்.

இப்போது சரியாக வந்துவிட்டது, நீயும் செய்ய வேண்டும் என்பதால் கவனமாகப் படி. பூண்டையும் வெங்காயத்தையும் காகிதம் மாதிரி மெல்லியதாகச் சீவி, ஓவனில் மிகக் குறைந்த சூட்டில் காயவை. ஒடித்தால் படக்கென்று ஒடிய வேண்டும், வளைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, பொடி பாட்டிலில் கட்டி தட்டிவிடும். கொத்தமல்லி விதை இரண்டு பங்கு, சீரகம் ஒரு பங்கு, மிளகு அரைப் பங்கு, மூன்றையும் வெறும் சட்டியில் தனித்தனியாக வறு. சேர்த்து வறுப்பது உன்னையும் உன் தங்கையையும் ஒரே குரலில் எழுப்புகிற மாதிரி, ஒருத்தி கருகிவிடுவாள், இன்னொருத்தி புரண்டுகூடப் படுக்க மாட்டாள். காய்ந்த புதினாவும் ஓமவல்லி இலையும் கையால் நொறுக்கிப் போடு. மிளகாய் கண் திருப்திக்கு மட்டும். உப்பின் இடத்தில் எலுமிச்சைத் தோல், மேலே இருக்கும் மஞ்சளை மட்டும் துருவு, அடியில் இருக்கும் வெள்ளை வந்தால் கசக்கும். அதைக் காயவைத்துச் சேர்த்தால் ஒரு சுருக்கென்ற வாசனை வரும், நாக்கு அதில் மயங்கி உப்பைத் தேடாது. எல்லாம் ஆறிய பிறகு அரை, அரைத்த பிறகும் ஆறவிடு, சூட்டோடு மூடினால் பாட்டில் உள்ளுக்குள் வேர்க்கும்.

ருசியை யாரிடம் சோதிப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே உன் தங்கை ஒரு வேலை செய்தாள். அம்மா தூவிக்கொண்டிருந்த பாட்டிலைக் காலி செய்து என் பொடியை நிரப்பி, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி அதே இடத்தில் வைத்துவிட்டாள். மறுநாள் காலையில் உன் அம்மா முட்டையில் தூவிச் சாப்பிட்டுவிட்டு, பாத்தீங்களா, இதுக்குப் பேரு பொடி, நீங்களும் அரைக்கறீங்களே என்றாள். நாலைந்து நாள் அப்படியே போயிற்று. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சந்தோஷம் தாங்காமல், நீ சாப்பிடுவது என் பொடிதான் என்று சொல்லிவிட்டேன். ஸ்பூனைக் கீழே வைத்தாள், அதான் ரெண்டு நாளா ஏதோ ஒரு மாதிரி இருந்துச்சு என்றாள். (அப்பா வயிற்றில் ரகசியம் தங்காது. காலையில் போட்டால் சாயங்காலத்துக்குள் புளித்துப் பொங்கி மூடியைத் தள்ளிவிடும்.) அன்றிலிருந்து உன்னுடைய மூன்றாவது பாட்டிலைக் கைப்பையில் வைத்துக்கொண்டு டிப்போவுக்குப் போகிறாள். அது தீர்ந்தால் உன்னிடமே இன்னொன்று கேட்கப் போகிறாளாம்.

யோசித்துப் பார்த்தேன். மூடியில் ஒரு காகிதத்தை ஒட்டி, அம்மாவுக்கு என்று நீ எழுதியிருக்கிறாய். திறப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் அதை ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறாள். அந்தச் சாமானை நான் எந்தக் கடையில் வாங்கி அரைப்பது? அதனால் இந்தப் பார்சலில் இரண்டு பொட்டலம் வைக்கிறேன். ஒன்று உனக்கு. இன்னொன்று போய்த் திரும்ப வேண்டியது. அங்கே அதே மாதிரி பாட்டில் ஒன்று வாங்கி, உள்ளே இருப்பதைக் கொட்டிவிட்டு, கழுவி, எலும்பு மாதிரி காயவைத்து, என் பொடியை நிரப்பி, உன் கையால் எழுதி ஒட்டி, அம்மா பெயருக்கு அனுப்பிவிடு. பெற்றவள் தலையிலேயே மிளகாய் அரைப்பதா என்று கேட்காதே, மிளகாய் ரொம்பக் கொஞ்சம், முக்கால்வாசி கொத்தமல்லிதான். நானே அம்மாவிடம் நேராகச் சொல்லிவிடுகிறேனே என்பாய். சொன்னால் உடனே விட்டுவிடுவாள், ஆனால் பொண்ணுக்குத் தெரிந்துவிட்டதே, மனசு கஷ்டப்படுமே என்று அதற்கு ஒரு அழுத்தம் தனியாக ஏறும். போனில் பேசும்போது பொடி வைத்துப் பேசிவிடாதே, உனக்கு அது வராது, மூச்சு மாறுவதிலேயே கண்டுபிடித்துவிடுவாள். பஸ் விஷயம் உனக்குத் தெரியாது. ஆபீஸ் எப்படி இருக்கு என்று கேள், ஜாலி என்று சொன்னால் நீயும் சிரி.

இன்னொன்று, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. அந்தப் பாட்டிலை நீயும்தானே தினமும் கவிழ்க்கிறாய். உன் அம்மாவின் மூக்கு, உன் அம்மாவின் நடை, உன் அம்மாவின் பிடிவாதம் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொண்டவள் ரத்தக் குழாயை மட்டும் என்னிடமிருந்தா வாங்கியிருப்பாய்? ஒருநாள் லீவு போட்டு அழுத்தம் பார்த்து, என்ன எண் வந்தது என்று எனக்கு எழுது. கூட்டியும் குறைத்தும் எழுதாமல் வந்ததை எழுது. (என்னிடம் உண்மையான எண்ணைச் சொல், அப்பாவுக்கு வேறு எண் தயார் செய்து தருகிறேன். சரி சரி, அப்பா முறைக்கிறார், இதை எழுதியது அவருக்குத் தெரிந்துவிட்டது.)

நோய் நொடி அண்டாமல், நல்ல மனிதர்கள் சூழ, நீ தொட்ட வேலையெல்லாம் துலங்க நூறு வயது இரு. பாட்டிலில் ஒரு சொட்டு ஈரம் இருக்கக் கூடாது, அதை மறந்துவிடாதே. சீக்கிரம் அனுப்பு.

இப்படிக்கு,
ஒன்பது விரல்களால் ஆசீர்வதிக்கும்
உன் அப்பா

அக்கா, இனி நான் மட்டும். அப்பா பார்சலுக்கு ஒட்டும் டேப் வாங்கக் கடைக்குப் போயிருக்கிறார், அதற்குள் அம்மா வேலையிலிருந்து வந்துவிட்டாள். மேஜை மேல் இருந்த பொட்டலங்களைப் பார்த்து, யாருக்குடி இது என்றாள். அக்காவுக்கு என்றேன். ரெண்டுமா என்றாள். இருக்கிற பொய்களில் எது பொருத்தமாக இருக்கும் என்று நான் தேடுவதற்குள், அவ அங்க பாட்டில்ல போட்டு இங்க அனுப்பப் போறா, அதானே என்றாள். பஸ் ஓட்டுகிறவள் அல்லவா அக்கா, பின்னால் நடப்பதெல்லாம் கண்ணாடியில் தெரியும். பொடி நல்லாத்தான் இருக்கு, அன்னைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, நான் அதைச் சொல்லிட்டா உங்கப்பா அந்தக் குலுக்கற மெஷினை வீட்டுக்கே தூக்கிட்டு வந்துருவாரு என்றாள். அப்புறம் கைப்பையைத் திறந்து உன் பாட்டிலை எடுத்து, உன் கையெழுத்து இருக்கும் மூடியை மட்டும் கழற்றிப் பைக்குள் திரும்பப் போட்டுக்கொண்டு, மிச்சத்தைத் தொட்டியில் கொட்டிக் குழாயைத் திறந்துவிட்டாள். ஸ்டீயரிங்கைப் பிடிச்சு ஒரு மாசமாச்சுடி என்று குழாயைப் பார்த்துச் சொன்னாள். பார்சல் வரும்போது அவள் ஒன்றும் தெரியாமல் ஆச்சரியப்படப் போகிறாளாம், அப்பா ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளட்டுமாம், நானும் நீயும் அதைக் கெடுக்கக் கூடாதாம். அப்பாவிடம் நான் மூச்சு விட மாட்டேன், இந்தக் கடைசிப் பக்கத்தை அவர் வருவதற்குள் மடித்து உள்ளே வைத்துவிடுவேன். அந்தப் பார்சல் வரும்வரைக்கும் நீ எதைத் தூவிச் சாப்பிடுவாய் என்று அம்மாவிடம் கேட்டேன். ஒரு ஸ்பூனை எடுத்துக்கொண்டு வந்தாள். ஆகவே அக்கா, உன் பொட்டலம் கொஞ்சம் இளைத்து வந்து சேர்ந்தால் தபால்காரரைச் சந்தேகப்படாதே.