மிளகு கட்டிய வெறுங்கூடு

செவ்வாய்க்கிழமை, இரவு

எங்கள் முயல் மிளகு இன்று மறுபடியும் வயிற்று மயிரைப் பிடுங்கிக் கூடு கட்டியது. கையை நீட்டினேன், உறுமிக்கொண்டு கடித்துவிட்டது.

போன மாதமும் இப்படித்தான். வீட்டில் ஆண் முயல் கிடையாது. காட்டு முயல் வந்துபோயிருக்கும் என்று நம்பி, அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் குட்டி தருவதாகச் சொல்லிவிட்டேன். ஒன்றும் பிறக்கவில்லை.

இன்று பக்கத்து ஊர் சோளக்காட்டுக்கு வந்திருந்த கால்நடை டாக்டரம்மாவிடம் காட்டினேன்.

"காட்டு முயலோட இது சேராதுங்க. இது பொய்ச் சினை. கர்ப்பப்பைய எடுத்துட்டா இந்தக் கோவம் தணியும். வயசானா அங்க புத்துநோய் வர்ற பயமும் இல்லீங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் கணவர் முகம் வாடிவிட்டது.

"வாயில்லாச் சீவன் புள்ள. கத்தி வெச்சா அதுக்கு வலிக்காதா?"

இரண்டாவது மகள் பிறந்த மூன்றாம் நாள் மலைக்குக் கீழே பெரியாஸ்பத்திரியில் எனக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் நடந்தது. இவர்தான் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, தோட்டத்தில் மிளகு பறிக்க ஆள் வருகிறது என்று அடுத்த பஸ்ஸில் மலையேறிவிட்டார்.

வெள்ளிக்கிழமை முயலை ஆபரேஷனுக்குக் கீழே கொண்டுபோகிறேன். இவரையும் வரச் சொல்லியிருக்கிறேன். அது கண் விழிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும்.