மெக்ரே என்று இரண்டு வீடுகள்

ஆன்லின் அப்பாவுக்கு,

சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஹூஸ்டனில் வெயில் கொளுத்துகிறது என்று செய்தியில் பார்த்தேன்.

கீழ்வீட்டு மெக்ரே ஞாயிற்றுக்கிழமை இறந்துவிட்டார். நம் குடும்பப் பெயரும் அவருடையதும் ஒன்று என்பதால் தபால் மாறி மாறி வருமே, அந்தப் பெரியவர்தான். ஸ்காட்லாந்தில் நிலக் குத்தகையைக் கட்ட முடியாமல் அவருடைய முன்னோர் கப்பலேறிக் கரோலினாவுக்கு வந்தார்களாம். அவர் அப்பா ரயில்வே வேலைக்காக இங்கே நியூஜெர்சிக்கு வந்தாராம். நாகர்கோவிலில் உங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த வெள்ளைக்காரப் பாதிரியார் மெக்ரே என்ற தன் பெயரையே வைத்துவிட்டுப் போன கதையை நானும் சொன்னேன். அப்படியானால் நாம் சொந்தக்காரர்கள் என்று சிரித்தார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றே நினைத்தேன். தனக்கு நினைவு தப்பினால் முடிவெடுக்க வேண்டியவர் என்று மருத்துவமனையில் என் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறார். அவருக்கு வேறு யாரும் இல்லை. போன வாரம் நினைவு தப்பியவருக்கு இனி அது திரும்பாது, செயற்கைச் சுவாசக் குழாயை எடுத்துவிடலாமா என்று டாக்டர் என்னிடம் கேட்டார். உங்களை ஆறு முறை போனில் அழைத்தேன்.

ஆன்லின் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மம்மி, ஆர் வீ ரியலி ஃபேமிலி?" என்றாள்.

"ஆமா மக்களே" என்று அவளிடம் சொல்லிவிட்டு, டாக்டரைப் பார்த்துத் தலையசைத்தேன்.

நேற்று அடக்கம் முடிந்தது.

உங்கள் வக்கீல் அனுப்பிய தாள்களை இன்றுதான் பிரித்தேன். விவாகரத்துக்குப் பிறகு கல்யாணத்துக்கு முந்தைய பெயருக்கே திரும்புகிறீர்களா என்று கடைசிப் பக்கத்தில் கேட்டிருக்கிறார்கள். அதில் நான் என்ன எழுத வேண்டும் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
இன்றுவரை உங்கள் மனைவி