ஊர்ஸ் ஐயாவின் துவக்கு

டீட்டிகோன்
03.10.2025

என் செல்லப் பேத்தி சரணியாவுக்கு,

அம்மம்மா எழுதுகிறேன். போனில் கதைத்தால் உன் அம்மா காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். துவக்கு வாங்குகிற கதை அவளுக்கு இப்போது தெரியவேண்டாம் என்று நீதானே சொன்னாய்.

கோயிலில் செல்வராணி தன் மகன் டொக்ரருக்குப் படிக்கிறான் என்று அளந்தாள். "என்ரை பேத்தி வேட்டைச் சோதினை பாஸ் பண்ணிப்போட்டாள். காட்டுப்பண்டி சுடப்போறாள்" என்றேன். உடனே தன் செருப்பைத் தேடிப் போய்விட்டாள்.

தன் வேட்டைத் துவக்கை உனக்கு விற்க வந்த அந்தச் சுவிஸ்காரர், ஊர்ஸ் ஐயா, நல்ல மனிசன். நான் பக்கத்தில் நிற்க, நீ குழலுக்குள் லைற் அடித்துப் பார்த்தாய், மரப்பிடியில் வெடிப்புத் தேடினாய், ஆணிகளை ஒவ்வொன்றாய்த் தடவினாய், இரண்டு தோட்டா மட்டும் கொள்கிற பெட்டியைக் கழற்றிக் கழற்றிப் பூட்டினாய். அவர் முகம் சுளிக்கவில்லை. உன் அம்மாவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட நாங்கள் இவ்வளவு பார்க்கவில்லை. ஒருதரம் சுட்டால் அடுத்த தோட்டா தானாய் ஏறுமாமே! உன் அனுமதிப் பத்திரத்தைப் பார்த்துவிட்டு, "சுட்டுப் பார்த்து முடிவைச் சொல்லு" என்று நம்பித் தந்தும் விட்டார்.

புதன்கிழமை, ஆயுத பூசை நாளில், உன் அம்மா ரெயினேறி வேலைக்குப் போன நேரம் அது நம் வீட்டுக்கு வந்தது. நீ குளித்துவிட்டு வருவதற்குள் நான் பூசையே முடித்துவிட்டேன். இனி எல்லாம் சரிவரும்.

உன் அம்மம்மா
அழகிப்பிள்ளை


பாசல்
11.10.2025

அன்புள்ள அம்மம்மா,

துவக்குச் சரிவரவில்லை. முதல் வெடி போனது. அடுத்த தோட்டா பாதியில் இறுகிவிட்டது. மூன்று தரமும் அப்படியே. திறந்து பார்த்தால் உள்ளே மஞ்சளாய்க் காய்ந்த களி. வருடக்கணக்காய்த் துடைக்காத பழைய கிறீஸ். வெளியை மட்டும் மினுக்கி ஊர்ஸ் என் தலையில் கட்டப் பார்த்திருக்கிறார்.

எனக்குக் கோபம் அடங்கவில்லை. வேட்டைக் குழு சாப்பிட்டுக்கொண்டிருந்த மேசைக்கே துவக்கோடு போய், "வெளிநாட்டுப் பெட்டைக்கு என்ன தெரியும் எண்டு நினைச்சனீங்களோ? உங்களை நம்பினன், ஏமாத்திப்போட்டியள்" என்று எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டேன். அவர் அந்தக் களியை விரலால் தொட்டு மணந்து பார்த்தார். "இது என்ரை இல்லை" என்றார். ஒருவரும் நம்பவில்லை. துவக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இன்றைக்கு வேட்டைக்கும் வரவில்லை.

என்னைக் குழுவுக்குள் கொண்டுவந்தவரே அவர்தான். நான் செய்தது சரிதானே, அம்மம்மா?

சரணியா


டீட்டிகோன்
17.10.2025

சரணியா,

உன் கடிதம் மூன்று நாளாய் அரிசி வாளிக்குள் ஒளிந்து கிடக்கிறது. அரிசி அள்ளப் போகும்போதெல்லாம் எடுத்து வாசித்துவிட்டு மறுபடி புதைக்கிறேன்.

அது கிறீஸ் இல்லை, பிள்ளை. சந்தனம்.

நீ குளிக்கப் போனபோது துவக்கு மேசையில் வாயைத் திறந்தபடி கிடந்தது. கத்தரிக்கோல், தையல் மெசின், அம்மாவின் காரைப் பூட்டுகிற திறப்பு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவள், இதை மட்டும் எப்படி விடுவேன்? காட்டுக்குள் போகிற பிள்ளை. திறந்திருந்த இடத்தில் இரும்பு நெற்றிபோல மினுங்கியது. அங்கே குழைத்த சந்தனத்தைத் தாராளமாய் அப்பினேன். நீ கதவைத் திறக்கிற சத்தம் கேட்டதும், ஏசுவாய் என்று பயந்து சேலைத் தலைப்பால் துடைத்தேன். துடைத்ததாய்த்தான் நினைத்தேன். உள்ளுக்குள் தள்ளியிருக்கிறேன்.

மஞ்சள் என்று வாசித்ததுமே விளங்கிவிட்டது. அப்போதே போன் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. துவக்கு இல்லாவிட்டால் நீ காட்டுக்குப் போகமாட்டாய், அதுவும் நல்லதுக்குத்தான் என்று ஒரு கெட்ட எண்ணம் வந்தது. செல்வராணியிடம் பெருமை பேசின அதே வாயோடு இப்படியும் நினைத்தேன். அங்கே ஒரு மனிசன் செய்யாத களவுக்குத் தலைகுனிந்து வீட்டில் இருக்கிறார்.

எனக்கு டொச், இந்த ஜேர்மன் பாசை, வராது. நீ இந்தக் கடிதத்தை அந்த மேசையிலேயே வாசித்துக் காட்டு. என் பெயரையும் சொல்லு. அஞ்சாம் வகுப்போடு நின்ற கிழவியின் வேலை என்று சிரித்தால் சிரிக்கட்டும்.

அழகிப்பிள்ளை


பாசல்
09.11.2025

அம்மம்மா,

வாசித்தேன். அதே மேசையில், எல்லாருக்கும் முன்னால். ஊர்ஸை அங்கே வரச் சம்மதிக்க வைக்க மூன்று கிழமை எடுத்தது.

இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. சந்தனம் வருகிற இடத்தை இன்னொருதரம் வாசிக்கச் சொன்னார்.

மன்னிப்புக் கேட்டேன். "உன்ரை அம்மம்மாவை எனக்கு விளங்குது. என்ரை மனிசியும் நான் காட்டுக்குப் போகேக்கை பொக்கற்றுக்குள்ளை ஏதாவது வைச்சுவிடுவாள்" என்றார். பிறகு, "நீ என்ரை துவக்குக்குள்ளை அவ்வளவு நேரம் பார்த்தனீ. என்னட்டை ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான். கைகொடுத்துவிட்டுப் போனார். துவக்கை எனக்கு விற்கமாட்டாராம். குழுவுக்கும் இனி வரமாட்டாராம்.

உங்களில் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அந்த மனிசனைக் கள்ளன் என்று சொன்ன வாய் என்னுடையது. அதை எந்தத் துணியால் துடைப்பது என்று தெரியவில்லை.

நேற்று அம்மாவுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இனிக் கடிதத்தை ஒளிக்கத் தேவையில்லை. போன் எடுங்கோ, அம்மம்மா. நீங்களும் நானும் கதைக்காமல் இருந்தாலும் பரவாயில்லை, எடுங்கோ.

சரணியா