உன் போன் ஓய்ந்த பிறகு

தம்பி, சாமி மேடைக்குப் பக்கத்தில் உன் படத்துக்கு முன்னால் வைத்திருக்கும் உன் போன் இன்று காலை முழுக்கச் சத்தமே போடவில்லை. ஊதுவத்தி கொளுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நீ போன பிறகும் அதற்குக் காசு கட்டி ரீலோட் போட்டு, சாயங்காலமானால் சார்ஜ் ஏற்றி வைத்தேன். எல்லாம் அந்த ‘டிங்’ சத்தத்துக்காக. சமைக்கும்போது வரும், துணி மடிக்கும்போது வரும். என் தம்பியை இன்னும் யாரோ தேடுகிறார்கள் என்று மனசு நிறையும். பக்கத்து வீட்டு மேரியிடம்கூடச் சொல்லிக்கொண்டேன். “ஆளு போயும் அவனுக்கு மவுசு குறையல பாரேன்.”

போன ஞாயிறு ரவாங்கிலிருந்து பேத்தி தர்ஷினி வந்திருந்தாள். உன்னைப் போல அவளுக்கும் கம்ப்யூட்டர் வேலைதான். ‘டிங்’ கேட்டதும் போனை எடுத்துப் படித்தாள். முகம் வாடிவிட்டது.

“பாட்டி, எல்லாரும் சின்னத் தாத்தாகிட்ட ஹெல்ப் கேட்டு எழுதியிருக்காங்க. பதிலுக்கு வெயிட் பண்றாங்க லா.”

ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்குப் புரியும்படி அவளே சொன்னாள். கம்ப்யூட்டரில் தமிழ் எழுத நீங்கள் பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து, சம்பளமில்லாமல் செய்துவந்த ஓப்பன் சோர்ஸ் வேலை அது. எந்தப் பகுதி பழுதானால் யாருக்கு எழுத வேண்டும் என்று எல்லோரும் பார்க்கும்படி போட்டிருக்கிறார்கள். உன் பகுதிக்கு இன்னும் உன் ஈமெயில்தான் நிற்கிறதாம். சபாக்கிலிருந்து ஒரு டீச்சர் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார். புதுக் கம்ப்யூட்டரில் எழுத்துக்கு முன்னால் வரும் கொம்பு இடம் மாறி விழுகிறதாம், பிள்ளைகளுக்குப் பாடத்தாள் அடிக்க முடியவில்லையாம்.

“இனிமே நான் பாத்துக்கிறேன் பாட்டி. ஆனா தாத்தா ஈமெயில எடுத்துட்டு என்னோடத போடணும். உங்கள கேக்காம செய்ய மனசு வரல.”

“மாத்திட்டா இந்த டிங்?”

“வராது.”

உலையைப் பார்க்க அடுப்படிக்குப் போய்விட்டேன்.

நாம் இருந்த எஸ்டேட் தோட்டம் மூடி, லயத்து வரிசை வீடுகள் காலியானபோது, போகிறவர்கள் போகும் ஊரைச் சாக்கட்டியால் கதவில் எழுதிவிட்டுப் போவார்களே, ஞாபகம் இருக்கிறதா? எதிர்வீட்டு அண்ணன் குடும்பம் ஈஜோக் என்று எழுதிவிட்டுப் போனது. கொஞ்ச நாளில் அங்கிருந்தும் ரவாங்குக்கு மாறினார்கள். நீ மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆளில்லாத லயத்துக்குப் போய், பழையதை அழித்துப் புதிதாக எழுதிவிட்டு வந்தாய்.

“யாருடா அங்க வந்து படிக்கப் போறா, பேயா?” என்று திட்டினேன்.

“யாராச்சும் ஒருத்தர் வருவாங்கக்கா. அவங்க ஈஜோக் வரைக்கும் வீணா அலையக் கூடாது லா.”

சோற்றை இறக்கி வைத்துவிட்டு வந்து, “மாத்திடும்மா” என்றேன். “அவன் பேரு?”

“அழிக்க மாட்டேன் பாட்டி. முன்னாடி பாத்துக்கிட்டவங்க வரிசையில இருக்கும்.”

சபாக் டீச்சருக்கு அன்றைக்கே பதில் எழுதினாள். நேற்றுக் கொம்பு சரியாகிவிட்டதாம்.

இப்போது உன்னைத் தேடுகிறவர்கள் வீணாக அலைவதில்லை, தம்பி. எனக்குத்தான் சாயங்காலமானால் கை தானாக அந்தச் சார்ஜர் வயரைத் தேடிப் போகிறது.