கேட்டைச் சாத்தாமல் போனவர்

மார்ச் 3, செவ்வாய்
கன்று ஒன்று ரோஸ் நிற நாடாவை மென்றுகொண்டிருந்தது. வாயிலிருந்து பிடுங்குவதற்குள் விழுங்கிவிட்டது. குளத்துக்குப் போகிற வழியில் பதினோரு குச்சிகள். ஒன்று மொட்டை, மற்றதிலெல்லாம் அதே நாடா. தனியார் புல்லட் ரயில் கம்பெனி நட்டது. 'அளக்க மட்டும்' என்று அப்பா விட்டாராம். அங்கே தண்டவாளம் வந்தால் வீடு இந்தப் பக்கம், குளம் அந்தப் பக்கம். மாடுகள் தண்ணீருக்கு எங்கே போகும்?

மார்ச் 5, வியாழன்
கம்பெனி ஆள் பிரூயிட் வந்தார். புது பூட்ஸ்.
"டாலஸ்லேருந்து ஹியூஸ்டனுக்கு ஒன்றரை மணி நேரம் சார்!"
"நம்ம ஊர்ல நிக்குமா?" என்றார் அப்பா.
"நிக்காதுங்க. ஆனா மாடு போக அடியில ஒரு வழி விட்டுடுவோம். என் பொறுப்பு."
நிலம் கொடுக்கக் கையெழுத்துக் கேட்கும் காகிதத்தை அப்பா வாங்கி வைத்துக்கொண்டார். காளை முட்டி இடுப்பு உடைந்ததிலிருந்து எல்லாமே அலுப்பு அவருக்கு. அப்போதுதான் நான் பள்ளியை விட்டேன். மாடெல்லாம் என் பொறுப்பு. ஆனாலும் என்னை யாரும் கேட்கவில்லை. வழக்கம்போல.

சாயங்காலம் —
கேட் திறந்து கிடக்கு! ஆறு கிடாரியும் நெடுஞ்சாலையில. ஒரு லாரி கிரீச்சுன்னு நின்னுது, ஒரு முழம்தான் இடைவெளி. திறந்த கேட்டைச் சாத்தணும்னு இங்க மூணு வயசுப் பிள்ளைக்குத் தெரியும். அந்தாளுக்கு?

மார்ச் 9, திங்கள்
அப்பா பேனாவைத் தேடினார். நான் ஒளித்துவைத்திருக்கிறேன்.

மார்ச் 12, வியாழன்
ரயில் பற்றிக் கருத்துக் கேட்கும் கூட்டம். என் பழைய பள்ளியில். ஆளுக்கு மூன்று நிமிடம். பக்கத்துப் பண்ணை வெர்னா அக்கா என்னைக் கேட்காமலே என் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டாள். கூப்பிட்டார்கள். கூடப் படித்ததுங்க எல்லாம் என்னையே பார்க்குதுங்க. எழுந்து, முன்வரிசையில் இருந்த பிரூயிட்டைக் காட்டினேன்.
"இவர் எங்க கேட்டைச் சாத்தாம போனார். மாடு ரோட்டுக்குப் போச்சு. ஒரு கேட்டைச் சாத்தாதவர் மாட்டுக்கு வழி விடுறேன்னா நான் எப்படி நம்பறது?"
அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டேன்.
"மிச்ச நிமிஷத்தை எனக்குக் குடுங்க!" என்று வெர்னா அக்கா கத்தினாள்.
திரும்பும்போது அப்பா கேட்டார்: "கேட் விஷயத்தை ஏன் எங்கிட்ட சொல்லல?"
"நீங்க கேக்கல."

மார்ச் 14, சனி
பிரூயிட் வந்தார். கேட்டைச் சாத்திக் கொக்கியை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். கையில் புதுக் காகிதம்.
அப்பா நாற்காலியை விட்டு எழவில்லை. "எங்கிட்ட நீட்டாதீங்க. அவகிட்டக் கேளுங்க."
"என்ன பாப்பா சொல்ற?"
பதினோரு குச்சிகளையும் பிடுங்கி, அந்த நாடாவாலேயே கட்டி வைத்திருந்தேன். அவர் கையில் கொடுத்தேன். "ஒரு நாடா குறையும். கன்னு தின்னுடுச்சு."
முன்னால் போய்க் கேட்டைத் திறந்தேன். அவர் வண்டி தாண்டியதும் சாத்தினேன்.