செத்ததாக எழுதிக்கொண்ட மரங்கள்

சேசு மரி சூசை உன் கூடவே இருக்க.

கோலா கங்சார்,
1925 மே 3, ஞாயிறு.

ஈப்போவில் கிராணியாக இருக்கும் அன்புப் பேரன் செபாஸ்டியனுக்கு அப்பாயி எழுதுவது.

உன் தங்கை இசபெல்லா மடத்துப் பள்ளியில் தையலுக்கு முதல் பரிசு வாங்கினாள். சின்னவன் சூசை பூசைக்கு உதவி செய்கிறான்; லத்தீன் ஜெபத்தில் ஒரு எழுத்துப் பிசகவில்லை, சாமியாரே தலையாட்டினார். நீயோ இங்கிலீஷில் எழுதிச் சம்பாதிக்கிறவன். இந்தச் சுற்றுவட்டாரத்தில் இப்படி இன்னொரு வீட்டைக் காட்டட்டும், பார்க்கலாம்.

கித்தா ரப்பர் விலை ஏறுவது அங்கே பத்திரிகையிலேயே வந்திருக்கும். நம் ஷீட்டுகள் மட்டும் கொட்டகையில் தொங்குகின்றன. அரசாங்கக் கூப்பன் இல்லாமல் தொடமாட்டேன் என்கிறார் வாங்குகிற சீனத் தவுக்கே. பெரிய தோட்டத்துக்குக் கணக்கைப் பார்த்துக் கூப்பன் கொடுக்கிறார்கள். நம்மைப் போன்ற சின்ன நிலக்காரருக்கு அரசாங்க ஆள் வந்து மரத்தைப் பார்த்து எழுதினால்தான் உண்டு.

அந்த ஆள் வந்து சேர்ந்தது பெரிய சனிக்கிழமை. ஆண்டவர் கல்லறையில் கிடக்கிற நாளில் மரத்தில் கத்தி வைப்போமா? பால் மங்குகளைக் கவிழ்த்து வைத்திருந்தோம். ஏன் பால் வெட்டவில்லை என்று மலாயில் கேட்டாராம். ஆண்டவருக்கு மலாயில் என்ன சொல்வது என்று உன் அப்பனுக்கு வாயில் வரவில்லை. வானத்தைக் காட்டி, இறந்துவிட்டார் என்பதற்கு, "மாத்தி, துவான், மாத்தி" என்றிருக்கிறான். அவரும் அண்ணாந்து பார்த்தார். இலையுதிர்ந்த பின்பக்க மரங்களில் அப்போது கொழுந்துகூட விடவில்லை. மரம் செத்துவிட்டது என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்!

பக்கத்துத் தோட்டத்துக் கங்காணி சன்னாசி, "என்ன மத்தியாஸ் அண்ணே, செத்த மரத்துல பால் வடியுதாமே? ஒரு கோயில் கட்டிடலாம்லா" என்று கேலி செய்கிறான். உன் அப்பன் சிரிக்கவில்லை. அவனிடமே போய்க் கூலிக்காரர் லயத்தில் வீடு காலி உண்டா என்று கேட்டிருக்கிறான். நிலத்தைக் கொடுத்துவிட்டுத் தோட்டத்துக்கே திரும்பலாம், அங்கே மரம் செத்தால் துரைக்குத்தான் கவலை என்கிறான். எனக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது; எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை.

வருகிற சனிக்கிழமை வெள்ளைக்கார அதிகாரி மறுபடி பார்க்க வருகிறார். நீ பக்கத்தில் நின்று அவர் பாஷையில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாம் பால் வெட்டாத அந்த நாள் அவருக்கும் பெரிய சனிக்கிழமைதானே, ஐயா. உன் வேலைக்கு இடைஞ்சல் வேண்டாம் என்று உன் அப்பன் வாயைத் திறக்கமாட்டான். நான் எழுதுவது அவனுக்குத் தெரியாது.

மாதா உன்னைக் காக்க. லீவு கிடைக்காவிட்டால், உன் புதுப் போட்டோ ஒன்றாவது உடனே தபாலில் அனுப்பு. உன் அப்பன் கையில் சுத்தியலைக் கொடுத்து, இந்த வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கச் சொல்லப்போகிறேன். உன் படத்தை மாட்டிய வீட்டை விட்டுப் போக அவனுக்கு மனம் வருமா?

உன் அப்பாயி,
ஆரோக்கியம்