பெரிய வெள்ளிக் கான்கிரீட்

பிரேசர் டவுன்,
22.3.1999

அன்புள்ள கேத்தரின் அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம், உன் வீட்டுக்காரரின் கோபத்தைத் தவிர. டிரேவர் மச்சான் காண்ட்ராக்ட் எடுத்த வைட்ஃபீல்ட் அபார்ட்மென்டுக்கே கம்பெனி என்னை இன்ஸ்பெக்‌ஷன் இன்ஜினீயராகப் போட்டதுதான் வினை. நான் பார்த்துச் சரி சொன்னால்தான் கான்கிரீட் ஊற்றலாம். போர்டிகோக் கூரையைத் தாங்க, புதிதாகக் கொட்டிய மண்மேல் பலகைகூடப் போடாமல் முட்டுக் கம்புகளை நிறுத்தியிருக்கிறார். வேலையை நிறுத்திவிட்டேன். "என் வீட்ல சாப்ட்டு எனக்கே பிரேக் போடுறியாடா?" என்று கூலியாட்கள் முன்னால் கத்தினார். மானம் போயிற்று, அக்கா. மண்ணைத் திமிசு போட்டு இறுக்கட்டும், பலகை வைக்கட்டும். ஈஸ்டர் முடிந்து பார்க்கிறேன்.

உன் தம்பி,
தியோடர்

மஸ்கட்,
30.3.1999

என் செல்லத் தம்பிக்கு,

பிடிவாதக்காரா! உன் மச்சான் போனில் அழாத குறை. தாமதமானால் அடுத்த காண்ட்ராக்ட் கைவிட்டுப் போய்விடுமாம். அப்புறம் நான் இன்னும் எத்தனை வருஷம் இந்த ஆஸ்பத்திரி வேலையிலேயே கிடப்பது? பிள்ளைகளுக்கு என் முகமே மறந்துவிடும். அதனால் நான்தான் சொன்னேன்: "பெரிய வெள்ளியன்னிக்கு தியோ சர்ச்சை விட்டு வரமாட்டான், அன்னிக்கே ஊத்திடுங்க." இது உன் கைக்கு வரும்போது கூரை முடிந்திருக்கும். முறைத்துக்கொண்டு நிற்காமல் அவரோடு உட்கார்ந்து ஈஸ்டர் பிரியாணி சாப்பிடு. கோபத்தை என்மேல் காட்டு.

அக்கா

பிரேசர் டவுன்,
9.4.1999

அக்கா,

உன் கடிதம் இன்றுதான் வந்தது. பெரிய வெள்ளியன்று நம் வீட்டில் ஆணிகூட அடிக்க மாட்டோம். அந்த நம்பிக்கையில் நான் சர்ச்சில் சிலுவைப் பாதை ஜெபத்தில் நின்றிருந்தேன். பாதி ஊற்றும்போதே மண் அமுங்கி, முட்டுகள் சரிந்து கூரை விழுந்துவிட்டது. கீழே இருந்த கூலியாட்கள் யசோதாவும் பெருமாள்சாமியும் செத்துப்போனார்கள். யசோதாவை வெளியே எடுத்தபோது கான்கிரீட் காய்ந்திருக்கவில்லை. நான்தான் அவள் முகத்தைத் துடைத்தேன்.

தியோடர் பார்த்துச் சரி சொன்னான் என்று மச்சான் போலீசில் சொல்லியிருக்கிறார். "ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுடா, பிள்ளைங்க நடுத்தெருவுல நின்னுடும்" என்று என் காலில் விழுந்தார். என்னால் முடியாது, அக்கா. திங்கட்கிழமை உள்ளதைச் சொல்லப் போகிறேன். உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். மச்சானைத் தவிர, நீ சொன்னது யாருக்கும் தெரியாது. என்னை மன்னித்துவிடு.

தியோ

மஸ்கட்,
3.5.1999

தியோ,

அவரை உள்ளே வைத்துவிட்டார்கள். நீ நாசமாய்ப் போக என்று எத்தனையோ நாள் சபித்தேன். அப்புறம் அந்த யசோதா நினைவுக்கு வருவாள், வாய் அடைத்துப்போகும்.

வேலையை விட்டுவிட்டேன். இந்த மாதம் வருகிறேன். நீ ஏர்போர்ட்டுக்கு வர வேண்டாம், வீட்டுக்கும் வராதே. டாடியை யார் ஜெயிலுக்கு அனுப்பியது என்று பிள்ளைகள் போனில் கேட்டார்கள். தியோ மாமா என்று சொல்லிவிட்டேன். என்னைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நீயும் சொல்லிவிடாதே.

கேத்தரின்